கரிசல் பஞ்சும் காருகுறிச்சி நாகஸ்வரமும்

காருகுறிச்சியார் சீவாளியில் வாய் வைப்பதற்கு முன் இழுக்கிற மூச்சு எனக்குக் கேட்கிறது. என் நாற்காலிக்கு ஆறடி முன்னால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், வெறும் சுவர் இருக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார். தவில் அவருக்குக் கொஞ்சம் பின்னால். வலந்தலையில் விரல்கூடு விழுவது காதில் தனியாக, தொப்பியில் கழி விழுவது நெஞ்சில் தனியாக. பதிவோ பழைய மோனோ. இடம் வலம் என்று அதில் எதுவும் கிடையாது. ஆனாலும் ஆள் இருக்கிறார்! மணியாச்சியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் இது நடக்கிறது. யாரைப் பிடித்துச் சொல்வது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மோனோ பதிவை வைத்துத்தான் ஸ்டீரியோ செட்டைச் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு பெட்டிக்கும் ஒரே ஒலி போகிறது. இரண்டும் ஒன்றுபோல் பேசி, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுபோல் பதில் கொடுத்தால் அந்த ஒலி நடுவில் ஓர் ஆளாகக் கூடி நிற்கும். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் இரும்பு பீரோ என்று இருந்தால் ஆள் உப்பிப்போவார். ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடம் மாறி உட்காருவார். இதை நாகஸ்வரத்தைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிற வாத்தியம் இல்லை. திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது. நாலு சுவருக்குள் அதைக் காது கூசாமல் ஒலிக்கவைத்துவிட்டால், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அதிலும் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் பக்கத்து மனிதர். 1921-இல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிட்சை. குடியிருந்து வாழ்ந்தது கோவில்பட்டியில். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது, எஸ். ஜானகியின் குரலும் இவர் நாகஸ்வரமும் போட்டி போட்டுக்கொண்டு ஏறுகிற ‘சிங்கார வேலனே’ இல்லாமல் இந்தப் பக்கம் எந்த விசேஷமும் நடக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1964-இல், போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பாட்டை நான் முதலில் கேட்டது கல்யாண வீட்டு ரேடியோ செட்டில், பனைமர உச்சியில் கட்டின குழாயில். காடு கடந்து பக்கத்து ஊர்வரை போகும். ஆனால் குழாய் ஸ்பீக்கருக்கு அடி ஒலி கிடையாது. குரல் எட்டுகிற இடத்துக்கெல்லாம் எட்டும், தவிலின் தொப்பி மட்டும் அதில் காணாமல் போயிருக்கும். அது பாட்டிலேயே இருந்தது என்று எனக்குத் தெரிந்தது இந்த அறையில்தான்.

மணியாச்சியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சேதிதான் தெரியும். 1911 ஜூன் 17-ஆம் தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட ரயில் நிலையம். அதனால் இன்று பெயர்ப்பலகையில் வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடிக்குப் பாதை பிரிகிற சந்திப்பு என்பதால் ரயில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரவில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் வடக்கே போன பிறகு, அடுத்த வண்டி வரும்வரை இங்கே விழுகிற நிசப்தத்தைச் சென்னையில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாது. நகரத்தில் லட்சங்களைக் கொட்டி செட் வைத்திருக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பாட்டில் மெல்லிய இடம் வரும்போதெல்லாம் தெருவில் ஆட்டோ போகும். ஒரு செட்டில் எவ்வளவு சத்தமாகக் கேட்க முடியும் என்பதில் எனக்கு அக்கறையில்லை. எவ்வளவு மெல்லியது காதில் விழுகிறது என்பதுதான் கணக்கு. அந்த வகையில் கரிசக்காடு இந்தியாவின் மிகச்சிறந்த ஸ்டூடியோ. ஆடிக் காற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த மாதத்தில் இசைத்தட்டின்மேல் மூடியை எடுத்தால் கரிசல் மண்ணுக்குத்தான் முதல் பாட்டு.

இனி அறை. நீளம் பன்னிரண்டு அடி, அகலம் பத்து, உயரமும் பத்து. சுவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒலி அலை முட்டிமுட்டித் திரும்பும்போது, அறையின் அளவுக்குப் பொருந்துகிற சுருதி மட்டும் பெருத்துக்கொண்டே போகும். நம் வெக்கையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் என்று வைத்தால், பத்தடிக்கு அந்தச் சுருதி சுமார் 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டு அடிக்குக் கிட்டத்தட்ட 48. என் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாகப் போய்விட்டதால் 57-க்கு இரட்டைத் தூக்கு. பேஸ் கிதாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இளையராஜாவின் பேஸ் வரிகளில் மற்ற ஸ்வரங்களெல்லாம் பதவிசாக நடந்து போகும். அந்த ஒன்று வந்ததும் வீடே ‘பொம்’ என்று எழுந்து நிற்கும்.

மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன ஆளுயர டவர் ஸ்பீக்கர்கள் அப்போது இங்கே நின்றன. பெரிய கூடத்துக்கு அவை ராஜா. இங்கே, தவில் வாசித்தால் கொட்டகை இடிகிற சத்தம்தான் வந்தது. அவற்றை அவர் வீட்டுக் கூடத்துக்கே அனுப்பிவைத்தேன். அங்கே சௌக்கியமாக இருக்கின்றன.

சின்ன அறைக்கு விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு வேனிலிருந்து. லண்டன் பிபிசிக்காரர்கள் 1970-களில் வெளியிடத்து நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யப் போகும் வேனுக்குள் வைத்துக் கேட்க ஒரு குட்டி ஸ்பீக்கர் வேண்டும் என்று தாங்களே வடிவமைத்தார்கள். பெயர் எல்.எஸ்.3/5ஏ. உயரம் ஓரடி, முழுக்க மூடிய பெட்டி. உள்ளே கெஃப் கம்பெனியின் ஒரு சின்ன வூஃபரும் ஒரு ட்வீட்டரும். பூமி அதிர்கிற பேஸ் அதில் வராது. மனிதக் குரல் மட்டும் மனிதக் குரலாகவே வரும். அறிவிப்பாளர் பக்கத்தில் நின்று பேசுவதும் பெட்டிக்குள்ளிருந்து பேசுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து ஸ்பீக்கர் செய்த ஆட்கள் அவர்கள். அதே பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஹார்வுட் என்பவர் 1977-இல் வெளியே வந்து தொடங்கிய கம்பெனி ஹார்பெத். அந்த வேன் ஸ்பீக்கரின் பேரப்பிள்ளை என்று சொல்லத்தக்க அவர்களுடைய பி3ஈஎஸ்ஆர்தான் இப்போது என் அறையில் நிற்கிறது. புதிதாக வாங்கியிருந்தால் லட்சங்கள் ஆகியிருக்கும். பெங்களூரில் ஒருவர் கைமாற்றிவிட்ட ஜோடி இது.

இதன் சூட்சுமத்தைக் கேளுங்கள். 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது மெதுவாக அடங்கிக்கொண்டே வரும். என் அறையோ 57-லும் 48-லும் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. பெட்டி விட்ட இடத்தை அறை நிரப்புகிறது! டவர் ஸ்பீக்கரோடு சண்டை போட்ட அதே அறை, இதோடு சம்பந்தி ஆகிவிட்டது.

ஸ்டாண்டு கோவில்பட்டி லேத் பட்டறையில் அடித்தது. இரும்புக் குழாய், கீழே கனமான தகடு. குழாய்க்குள் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலைக் கழுவி, மொட்டை மாடியில் காயப்போட்டு நிரப்பினேன். வெறும் குழாயைத் தட்டினால் மணி அடிக்கும். மணல் போட்டால் ‘தொக்’கென்று செத்துப்போகும். ட்வீட்டர் என் காது உயரத்தில். பின்சுவரிலிருந்து இரண்டரை அடி. நாற்காலி அறையின் நட்டநடுவில் இல்லை. நடு இடத்தில் பேஸ் இளைத்துப்போகும். எனக்குப் பின்னால் நாலரை அடி விட்டு உட்கார்ந்தால் நிறைவாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த செட்டின் மிகச்சிறந்த பாகம் இங்கிலாந்திலிருந்து வரவில்லை. நம் பருத்தியிலிருந்து வந்தது.

வெறும் சிமென்ட் சுவர், மொசைக் தரை. கையைத் தட்டினால் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீளும். ஊரில் எல்லோரும் சொல்கிற வைத்தியம் முட்டை அட்டை; கொஞ்சம் விவரமானவர்கள் ஓரங்குல ஃபோம் ஷீட் என்பார்கள். இரண்டும் கீச்சு ஒலியை மட்டும் தின்றுவிட்டு அடி ஒலியை அப்படியே விட்டுவிடும். அறை செத்துப்போகும், பொம்மென்ற சத்தம் மட்டும் மிஞ்சும். ஒலி என்பது காற்றின் அசைவு. அந்தக் காற்று நாருக்குள் புகுந்து உரசி உரசித் தன் பலத்தை இழக்க வேண்டும். நூறு ஹெர்ட்ஸ் அலையின் நீளமே மூன்றரை மீட்டர் இருக்கும்போது ஓரங்குல ஃபோம் அதை என்ன செய்துவிடும்? கனம் வேண்டும். மூலையில் வேண்டும், ஏனென்றால் அடி ஒலியெல்லாம் மூலையில்தான் குவியும்.

வெளிநாட்டிலிருந்து கண்ணாடி நார்ப் பலகை வரவழைக்க விலை விசாரித்துக்கொண்டிருந்தவனுக்கு ஜின்னிங் மில் வாசலில் புத்தி வந்தது. கரிசல் மண்ணே பருத்திக்கென்று படைத்த மண். ஒலியை விழுங்கப் பஞ்சைவிட வேறு என்ன வேண்டும்? மில் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

“மெத்தைக்கா? எம்புட்டு வேணும்?”

“மெத்தைக்கு இல்ல அண்ணாச்சி. பாட்டு கேக்குறதுக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஒடம்பெல்லாம் நல்லா இருக்குல்ல?” என்றார்.

மெத்தை தைக்கிறவரை வீட்டுக்கே அழைத்துவந்து, காடாத் துணியில் நாலு உருளைத் திண்டுகள் தைத்தோம். தரையிலிருந்து கூரை வரை உயரம், ஒன்றரை அடிக்கு மேல் விட்டம், அறையின் நாலு மூலைக்கும் நாலு. பஞ்சை மெத்தைக்குத் திணிப்பதுபோல் இறுக்கித் திணிக்கக் கூடாது. அப்புறம் அது சுவராகிவிடும். காற்று புகுந்து வருகிற மாதிரி உதிரியாக இருக்க வேண்டும். உட்கார்ந்துவிடாமல் இருக்க நடுநடுவே சணல் கயிற்றால் அறை பிரித்துத் தைத்தார் அவர். அந்த யோசனை அவருடையது, என்னுடையது இல்லை. பூச்சிக்கும் தீக்கும் பயந்து போரிக் பவுடர் தூவிக் கலந்தோம். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு அந்தப் பயம் பிறவியிலேயே உண்டு. ஆம்ப்ளிஃபயர் பக்கம் திண்டு போகவே கூடாது என்பது வீட்டில் சட்டம்.

பக்கச் சுவருக்கு மகளைக் கூப்பிட்டேன். நான் நாற்காலியில், அவள் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனாள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி பட்டு என் காதுக்குத் திரும்புகிறது. அந்த இடங்களில் நாலங்குலப் பஞ்சுப் பலகை. மேலே கூரையிலும் ஒன்று. “போதும்ப்பா, அறை தொட்டில் மாதிரி ஆயிருச்சு” என்றாள். தரைக்குப் பத்தமடைப் பாய் விரிக்க ஆசைதான். ஆனால் பாய் மெல்லிசு, ஒலிக்குப் பயன்படாது. தடித்த ஜமுக்காளம் விரித்தேன்.

அன்று இரவு ரயில் போன பிறகு ஊசியை வைத்தேன். ஐயோ, என்னத்தைச் சொல்ல! அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே தட்டு. சுவர்கள் எழுந்து போய்விட்டன. ஆன மொத்தச் செலவு ஒரு நடுத்தர ஸ்பீக்கர் ஒயரின் விலைகூட இல்லை. ஒயர் என்றதும் சொல்லிவிடுகிறேன்: பாம்பு கனத்தில் பட்டுச்சட்டை போட்ட ஒயர்களை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். வாங்காதீர்கள். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். இதில் என்னோடு வாதம் பண்ண வருகிறவர்களுக்குக் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் பாட்டுப் போடுவேன்.

டர்ன்டேபிள் ரேகா பிளேனர் 3. இலேசான பலகை, கண்ணாடித் தட்டம். இலேசு என்பதால் தரையில் யாராவது நடந்தாலே ஊசிக்குத் தெரியும். அதைச் சுவரில் மாட்டுவதுதான் முறை. அதற்கென்று தனி அலமாரி விற்கிறார்கள். நம் வீடுகளில் சுவரோடு சேர்த்துப் பதித்த கடப்பைக் கல் தட்டு இருக்கும்போது அது எதற்கு? மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்து, புத்தகங்கள் இருந்த கல்லில் ஏற்றிவிட்டேன். கரிசல் மண்ணில் நிற்கிற வீட்டுக்குத் தரை ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் அசையும், ஓரத்தில் வெடிப்பு விடும். அதனால் சித்திரையில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை மட்டம் பார்க்கிறேன்.

அந்த மண்ணே இன்னொரு விளையாட்டும் காட்டும். கோடை முற்றியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஆம்ப்பைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு கடி. எலக்ட்ரீசியன் தம்பி வந்து பெட்டியைத் திறக்கவே இல்லை. கொல்லைக்குப் போய் எர்த் குழியைப் பார்த்தான். கரிசல் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. காய்ந்தால் சுருங்கி, எர்த் கம்பியை விட்டே விலகி நிற்கும். உப்பும் கரியும் புதுசாகப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் விட்டான். இரைச்சல் அறவே போயிற்று. இப்போது செடிக்கு ஊற்றுகிற வீட்டுக்காரி எர்த்துக்கும் சேர்த்து ஊற்றிவிடுகிறாள்.

ஆம்ப்ளிஃபயர் ரேகா பிரியோ, பக்கத்துக்கு 50 வாட். வால்வு ஆம்ப்பின் மேலும் கிளாஸ் ஏ ஆம்ப்பின் மேலும் எனக்கு மோகம் உண்டு. டில்லியில் லிரிட்டாக்காரர்கள் அருமையான வால்வு ஆம்ப் செய்கிறார்கள். ஸ்பீக்கரில் கொச்சியின் ரேத்தம் உலகம் அறிந்த பெயர். கல்கத்தாவின் சோனோடைன் 1970-இலிருந்து இருக்கிறது. ஆனால் பாட்டுப் பாடாதபோதும் அடுப்பாக எரிகிற ஆம்ப்பை அக்கினி நட்சத்திரத்தில் கதவடைத்த அறைக்குள் வைத்துக்கொள்ள என் தேகம் ஒத்துழைக்காது. அவ்வளவுதான் காரணம்.

ஒருநாள் எங்கள் ஊர் ரேடியோ செட் அண்ணாச்சியை அழைத்துவந்தேன். கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஆயுசு முழுக்கக் குழாய் கட்டியவர். பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு.

“எத்தன வாட்ஸ்யா இது?”

“அம்பது, அண்ணாச்சி.”

“அம்பதா? அத வச்சு பூசாரியக்கூட எழுப்ப முடியாதே.”

‘சிங்கார வேலனே’ போட்டேன். ஜானகி அம்மா ஸ்வரம் பாட, நாகஸ்வரம் பதில் சொல்ல, அண்ணாச்சி மெல்லத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முடிந்ததும் எழுந்து போய் இரண்டு பெட்டிக்கும் நடுவில் சுவரைத் தடவிப் பார்த்தார். “இந்தப் பாட்ட நான் ஆயிரம் தடவ போட்டிருப்பேன். இன்னிக்குத்தான்யா கேட்டேன்” என்றார். எனக்குக் கிடைத்த பட்டங்களில் பெரியது அது.

ஸ்டீரியோ பதிவுகளுக்கு வந்தால் கொண்டாட்டம் வேறு ரகம். தமிழ்ப் படப்பாட்டில் ஸ்டீரியோ என்றதும் முதலில் சொல்லப்படும் 1978-இன் ‘பிரியா’வில் கிதார் ஒரு மூலையில், வயலின் கூட்டம் எதிர்மூலையில் என்று அறை சுவரைத் தாண்டி அகலமாகும். 1993-இல் வந்த ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’யில் வாத்தியமே கிடையாது, எல்லாம் தொண்டை, சாகுல் ஹமீது நடுவில், பின்பாட்டுக்காரர்கள் பின்னால் தனித்தனி ஆட்களாக. அதைக் கேட்டு முடித்ததும் இளையராஜாவின் 1986 ஆல்பம் ‘ஹவ் டு நேம் இட்?’. வி.எஸ். நரசிம்மனின் வயலின் வில் கம்பியைக் கவ்வுகிற அந்த முதல் உராய்வு இருக்கிறதே, அதற்காகவே அந்த ட்வீட்டர்.

வயலினைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வடகிழக்குப் பக்கம் கை தானாகக் குவியும். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தானத்து வித்வான். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-இல் அடங்கியதும் அதே எட்டயபுரத்தில். அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் அச்சானதும் அங்கேதான். இங்கிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். இப்படிப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு செல்போன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செட்டை மேம்படுத்த நினைக்கிறவர்களுக்கு: முதலில் பஞ்சு, பிறகு ஸ்பீக்கரை நகர்த்துவது, பிறகு எர்த். இம்மூன்றும் முடிந்த பிறகே பர்ஸைத் திறங்கள். அறை சின்னது என்றால் பெட்டியும் சின்னதாகவே இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். கோவில்பட்டி, கழுகுமலை, கயத்தாறு, விளாத்திகுளம் பக்கம் பழைய வீடுகளின் பரணில் நாகஸ்வரத் தட்டுகளும் டேப்புகளும் இன்னும் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 78 சுற்றுத் தட்டாக இருந்தால் சாதாரண எல்.பி. ஊசியில் ஓட்டவும் வேண்டாம். அதன் பள்ளம் அகலம், தனி ஊசி வேண்டும். படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, தூசி படாமல் மூடி, தெரிந்தவர்களிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். அதில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மணியாச்சிக்கு வந்தால் நாற்காலி உங்களுக்குத்தான். நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.